செர்ரி மரத்தை எந்த வேரில் நிறுத்துவது?

செர்ரி அறுவடை இன்றைக்கும் கைவேலைதான். அப்படியே சாப்பிட விற்கும் இனிப்புச் செர்ரியைக் காம்போடு பறிக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் காம்பு மரத்திலேயே நின்றுவிடும். இல்லையென்றால் காம்பு முளைத்த குட்டைக் கிளையே பிய்ந்து கையோடு வந்துவிடும். அந்தக் குட்டைக் கிளையில்தான் அடுத்த வருடத்துக்கான பூமொட்டு உருவாக வேண்டும். இவ்வளவு பக்குவம் தேவைப்படும் வேலையை, பறிப்பவர் மார்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, மூன்று கால் அலுமினிய ஏணியின் உச்சியில் நின்று செய்கிறார். கைக்கெட்டியதைப் பறித்ததும் இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற வேண்டும். செர்ரி விவசாயத்தில் பெரிய செலவு அறுவடைக் கூலி. அதில் ஏணிக்குப் போகும் பங்கைக் குறைக்க வேண்டுமானால் மரம் குட்டையாக வேண்டும். அது பெரும்பாலும் மரத்தை எந்த வேரில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா, வெனாச்சி வட்டாரங்களில் பல தலைமுறைகளாக செர்ரி விளைகிறது. அங்கே பழைய தோட்டங்களில் மரங்களுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் மசார்ட். காட்டுச் செர்ரி விதையிலிருந்து வளர்த்த வேர் அது. காட்டுச் செர்ரி ஐரோப்பாவில் மரக்கட்டைக்காகவும் வளர்க்கப்படும் காட்டு மரம். அதன் வேரில் ஒட்டிய செர்ரியைச் சும்மா விட்டால் 30 அடியைத் தாண்டிப் போகும். கவாத்து செய்து அடக்கினாலும் ஏணி இல்லாமல் முடியாது. காய்ப்புக்கு வரவும் ஐந்து, ஆறு வருடம் ஆகும்.

நம்மூர் பேக்கரியில் கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பல நேரம் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. குளிர்ப் பிரதேசத்தில் விளைந்து, கோடையில் சில வாரம் மட்டும் காஷ்மீரிலிருந்து நம் பழக்கடைகளுக்கு வந்து போகிறதே, அந்தச் செர்ரி.

ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்கு அடிப்படை தெரியும். கீழே வேர் ஒரு செடியுடையது, மேலே காய்க்கும் ரகம் வேறு. மேலே இருப்பது பழத்தின் நிறம், ருசி, பழுக்கும் காலத்தை முடிவு செய்கிறது. மரம் எவ்வளவு பெரிதாகும், எந்த வயதில் காய்க்கும், எந்த மண்ணைத் தாங்கும் என்பதில் கீழே இருக்கும் வேர்ச்செடிக்குப் பெரிய கை உண்டு. ஆப்பிள்காரர்களுக்கு இந்த வசதி எப்போதோ வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குட்டை வேர்ச்செடிகளைத் தரம் பிரித்து எண் கொடுத்தது. அதில் வந்த எம்.9 இன்று உலகம் முழுக்க ஆப்பிள் தோட்டங்களில் நிற்கிறது. செர்ரிக்காரர்கள் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏணியோடே காலம் தள்ளினார்கள்.

காரணம், இனிப்புச் செர்ரி இனத்துக்குள்ளேயே தேடினால் உருப்படியான குட்டை வேர் கிடைக்கவில்லை. வேறு செர்ரி இனங்களோடு கலப்பு செய்ய வேண்டியிருந்தது. இனம் விட்டு இனம் கலந்தால் ஒட்டு சரியாகச் சேராமல் போகும் ஆபத்து உண்டு. ஒட்டிய சில வருடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒட்டுப் பகுதி வீங்கி, ஒரு நாள் காற்றில் மரம் அந்த இடத்தில் முறியும். அதனால் ஒரு கலப்பு தேறியதா என்று சொல்லவே பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஈஸ்ட் மாலிங்கே 1970களில் கோல்ட் என்ற கலப்பு வேரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் மரத்தை ஓரளவு சிறிதாக்கியது. அமெரிக்காவுக்குப் போனதும் ஏறக்குறைய மசார்ட் அளவுக்கே வளர்ந்து நின்றது.

திருப்பம் வந்தது ஜெர்மனியின் கீசென் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து. 1960களில் வெர்னர் க்ரூப்பே தலைமையில் அங்கே தொடங்கிய கலப்பு வேலையில் ஆயிரக்கணக்கான நாற்றுகள் பார்க்கப்பட்டு, கடைசியில் ஒரு கைப்பிடிதான் தேறின. கிசெலா என்ற பெயரில் எண்ணிட்டு வெளிவந்த வரிசை அதுதான். அதில் பேர் வாங்கிய கிசெலா 5, கிசெலா 6 இரண்டும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். தாய், ஷாட்டன்மொரெல்லே என்ற புளிப்புச் செர்ரி. தந்தை, சீனாவைச் சேர்ந்த சாம்பல் இலைச் செர்ரி. புளிப்புச் செர்ரிக்கு நான்கு தொகுதி குரோமோசோம், மற்றதற்கு இரண்டு. பிள்ளைக்கு மூன்று. மூன்று தொகுதி ஜோடி சேராததால் நல்ல விதை பிடிக்காது, விதை போட்டுப் பெருக்க வழியில்லை; திசு வளர்ப்பிலோ இளந்தண்டுத் துண்டிலிருந்தோதான் கன்று எடுக்க வேண்டும். திசு வளர்ப்புக் கூடங்கள் பெருகாமல் இருந்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத் தோட்டத்தைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

வேர் எப்படி மேலே இருக்கும் மரத்தைக் குட்டையாக்குகிறது? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. குட்டை வேரில் ஒட்டிய மரங்களை ஒட்டுப் பகுதியில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நீர் ஏறும் குழாய்கள் குறுகலாகவும் ஒழுங்கு கலைந்தும் தெரிகின்றன. மேலே போகும் தண்ணீர் அங்கே இறுக்கப்படுகிறது. கிளை நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின், வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் என்ற இரண்டு வளர்ச்சி ஹார்மோன்களின் கணக்கும் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்று உண்டு. குட்டை வேரில் நிற்கும் மரத்தின் கிளைகள் கோடையில் சீக்கிரமே நீள்வதை நிறுத்திவிடுகின்றன. நீள்வதை நிறுத்திய மரம் பூமொட்டு கட்டத் தொடங்கும். காய்க்கத் தொடங்கிய மரத்துக்கு வளர மிச்சம் இருக்காது. குட்டையும் சீக்கிரக் காய்ப்பும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

மசார்டை 100 என்று வைத்தால் கிசெலா 5 மேல் நிற்கும் மரம் பாதிக்குச் சற்று முன்பின். கிசெலா 3 அதைவிடச் சிறியது. கிசெலா 12, கிசெலா 6, ரஷ்யாவின் க்ரிம்ஸ்க் ஊர் நிலையத்திலிருந்து வந்த க்ரிம்ஸ்க் 5, 6 எல்லாம் நடுவாந்தரத்திலிருந்து முக்காலுக்குச் சற்று மேல்வரை. மண்ணும் வெயிலும் மாறினால் இந்த வரிசையே இடம் மாறும் என்பதால் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோல்ட் இங்கிலாந்தில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என்று நடந்துகொண்டதைப் பார்த்தோமே.

கிசெலா 5 அமெரிக்கா வந்தபோது கணக்கு கவர்ச்சியாகத்தான் இருந்தது. மசார்ட் மரங்களை 6 மீட்டருக்கு 6 மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 112 மரம். கிசெலா 5 மரத்தை வரிசைக்கு வரிசை 4.5 மீட்டர், மரத்துக்கு மரம் 2 மீட்டர் என்று நட்டால் 450. மூன்றாம் வருடமே காய் தெரியும். கன்றுக்குக் கன்று உரிமத் தொகை கட்ட வேண்டும், கன்றின் எண்ணிக்கையும் நான்கு மடங்கு என்பதால் தொடக்கச் செலவு எகிறும். ஆனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும் என்று நம்பி நட்டார்கள். அப்புறம் பழம் சிறுத்தது.

சிறுத்தது என்றால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு அங்கே இருக்கும் அளவு முறையைச் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் செர்ரியை ‘ரோ’ கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். பழைய மரப்பெட்டியின் குறுக்கே ஒரு வரிசையில் எத்தனை பழம் அடங்கியது என்பதிலிருந்து வந்த வழக்கம். 10 ரோ என்றால் சுமார் 26.6 மில்லிமீட்டர் விட்டம், 9 ரோ என்றால் சுமார் 29.8. எண் குறையக் குறைய பழம் பெரிது, விலையும் ஏறும். 12 ரோவுக்குப் போய்விட்டால் பறித்த கூலிக்கே தேறுமா என்பது கேள்வி. சிறிய பழம் என்றால் ஒரு பெட்டி நிரப்பக் கூடுதல் எண்ணிக்கை பறிக்க வேண்டும்; ஏணியில் மிச்சம் பிடித்த கூலி அங்கே போய்விடும்.

பழம் ஏன் சிறுத்தது என்று புரிய ஒரு கிளையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். செர்ரியில் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கட்டையில், விரல் நீளம்கூட இல்லாத குட்டைக் கிளைகள் இருக்கும். ஸ்பர் என்பார்கள். ஒரு ஸ்பரில் ஆறேழு இலை. அதைச் சுற்றிப் பல பூமொட்டுகள். ஒவ்வொரு மொட்டிலிருந்தும் இரண்டு முதல் நான்கு பூ. எல்லாம் பிடித்தால் ஒரே ஸ்பரில் பத்துக்கும் மேலே பழம் தொங்கும். ஒரு நல்ல பெரிய பழத்துக்குச் சோறு போடச் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இலை வேண்டும் என்பது செர்ரி ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதாவது ஏறக்குறைய ஐந்து இலை. ஆறேழு இலை வைத்திருக்கும் ஸ்பர் தன் சொந்த வருமானத்தில் ஒரு பழத்தைத்தான் ஒழுங்காக வளர்க்க முடியும். மீதியைப் புதிதாக நீளும் கிளைகளின் பெரிய இலைகள் ஈடுகட்ட வேண்டும். மசார்ட் மரத்தில் அப்படிப்பட்ட கிளைகளுக்குப் பஞ்சமே இல்லை. கிசெலா 5 மரத்திலோ ஸ்பர் நெருக்கம், ஸ்பருக்கு மொட்டு அதிகம், புதுக் கிளை நீள்வதோ சீக்கிரம் நின்றுவிடுகிறது. வாய் பெருகியது, இலை குறைந்தது.

இதில் ஒரு சங்கடம், ஆப்பிளில் மருந்தடித்துப் பிஞ்சு உதிர்ப்பது போல செர்ரியில் நம்பகமாகச் செய்ய வழியில்லை என்பது. பூத்ததிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம் முடிந்துவிடும். திருத்திக்கொள்ள அவகாசமும் கிடையாது. ஆகவே சுமையைக் குளிர்காலத்திலேயே கத்தரியால்தான் குறைக்க வேண்டும்.

ஜெர்மனியில் இதே கிசெலா 5 வெற்றி பெற்றது. இன்று வரை அங்கே அதுதான் வழக்கமான வேர். நாட்டுக்கு நாடு திறமை வேறுபாடு என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஜெர்மன் தோட்டங்களின் முக்கிய ரகங்களான ரெஜினா, கோர்டியா இரண்டும் இயல்பிலேயே அளவாகக் காய்ப்பவை. அவற்றைக் கொஞ்சம் தூண்டிவிடும் வேர் அவற்றுக்கு நல்லதுதான். அமெரிக்காவின் மேற்கில் நட்டது பிங்; அதோடு கனடாவின் சம்மர்லேண்ட் நிலையத்திலிருந்து வந்த லேப்பின்ஸ், ஸ்வீட்ஹார்ட். கடைசி இரண்டும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பவை, கேட்காமலே கொட்டிக் காய்ப்பவை. அவற்றைக் கிசெலா 5 மேல் ஏற்றியது எரிகிற அடுப்பில் நெய் ஊற்றிய கதை. வெயிலும் மணல் கலந்த லேசான மண்ணும் சேர்ந்த இடங்களில் மரம் சில வருடத்திலேயே சோர்ந்தும் போனது.

பழி வேர்மேல் விழுந்தது. என் பார்வையில் பாதிப் பழி கத்தரிக்கு. மசார்டில் பழகிய கை, இளம் மரத்தை வெட்டாமல் விட்டுவிடும். வெட்டினால் இன்னும் உயரப் போகும் என்ற பயம். கிசெலாவுக்கு அதற்கு நேர் எதிரான வைத்தியம் வேண்டும். ஒவ்வொரு புதுக் கிளையின் நுனியிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கைக் குளிர்காலத்தில் வெட்டிவிடுகிறார்கள். கிளையின் நுனிப் பக்கத்துக் கணுக்கள்தான் நெருக்கமானவை. இரண்டு வருடம் கழித்து ஸ்பர் கொத்துக் கொத்தாக வரும் இடமும் அதுவே. அங்கே வெட்டினால் எதிர்காலச் சுமை குறைகிறது, கீழே இருந்து வலுவான புதுத் தண்டும் கிளம்புகிறது. வயதான ஸ்பர் கட்டைகளை முறை வைத்து எடுத்துவிட்டு, வருடா வருடம் ஒன்றரை, இரண்டு அடியாவது புது வளர்ச்சி இருக்கும்படி நீரும் தழைச்சத்தும் கொடுக்க வேண்டும். இப்படிப் பார்த்துக்கொள்ளும் தோட்டங்களில் கிசெலா 5 மேலேயே பெரிய பழம் எடுக்கிறார்கள். ஆனால் ஏணியில் மிச்சமான ஆள்நேரத்தில் ஒரு பங்கு குளிர்காலக் கவாத்துக்குப் போய்விடுகிறது. குட்டை வேர் வாங்குபவர் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும்.

வாஷிங்டன் விவசாயிகள் பலரும் போட்டுப் பார்த்துவிட்டு நடுவழிக்கு வந்தார்கள். கிசெலா 6, 12, க்ரிம்ஸ்க் 5 போன்றவை மரத்தை மிகவும் சிறிதாக்காது, ஆனால் சீக்கிரம் காய்க்க வைக்கும். உயரத்தைக் கவாத்தில் அடக்கிக்கொள்ளலாம். க்ரிம்ஸ்க் 5 குளிர், வெயில் இரண்டையும் தாங்கும், கனமான மண்ணிலும் சமாளிக்கும் என்று நல்ல பெயர். அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. செர்ரித் தோட்டங்களில் சாதாரணமாக உலவும் இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்று இலையில் வளையப் புள்ளி விழ வைப்பது, இன்னொன்று ப்ரூன் குட்டை நோய் வைரஸ். இரண்டும் மகரந்தத்தில் பயணம் செய்பவை. மசார்ட் மரம் இவற்றை வைத்துக்கொண்டு பெரிதாக முனகாமல் வாழ்ந்துவிடும். க்ரிம்ஸ்க் வேர்களோ வைரஸ் வந்ததும் மிகையாக எதிர்வினை காட்டும். ஒட்டுப் பகுதியில் பிசின் வடிந்து, இலை உதிர்ந்து மரமே போய்விடும். பக்கத்து வயலில் வயதான மசார்ட் தோட்டம் இருந்தால், சுத்தமான கன்றாக வாங்கி நட்டும் பயனில்லை. பூக்கத் தொடங்கிய வருடம் தேனீயே நோயைச் சுமந்து வந்து கொடுக்கும். கிசெலா வரிசையிலும் 1, 10 ஆகிய எண்கள் இந்தச் சோதனையில்தான் கழிந்தன. 5, 6, 12 தாங்கின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மஹாலெப் என்பது இன்னொரு பழைய வேர். வறண்ட, சுண்ணாம்பு கலந்த, வடிகால் நல்ல மண்ணுக்கு ஏற்றது, நீர் தேங்கினால் அழுகிவிடும். வாஷிங்டன், ஓரிகன் தோட்டங்களைச் சமீப வருடங்களில் ஆட்டிப்படைக்கும் எக்ஸ் நோய் தத்துப்பூச்சியால் பரவுகிறது; பழம் சிறுத்து, வெளிறி, ருசியில்லாமல் போகும். மஹாலெப் வேரில் நிற்கும் மரம் இந்த நோய் வந்தால் தாங்காமல் சீக்கிரம் செத்துவிடும். கேட்க வருத்தமாக இருந்தாலும் தோட்டத்துக்கு அது ஒருவகையில் நல்லது; மசார்டிலும் கோல்ட்டிலும் நிற்கும் மரம் சாகாமல் வருடக்கணக்கில் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். ஒரே குணம் ஒரு நோய்க்குப் பலவீனம், இன்னொரு நோய்க்குத் தடுப்பு.

மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும். அப்படிப்பட்ட இடத்துக்கு மஹாலெப்பும் மசார்டும் கலந்து ஓரிகனில் பிறந்த மேக்ஸ்மா 14 பொருத்தம். பிரான்சிலும் சிலியிலும் அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். சிலி தன் செர்ரியில் பெரும்பகுதியைச் சீனாவுக்கு அனுப்புகிறது. அங்கே சந்திரப் புத்தாண்டுச் சந்தையில் பெரிய, கெட்டியான பழத்துக்குத்தான் மதிப்பு. எனவே சிலிக்காரர்கள் மிகவும் குட்டையான வேருக்கு அவ்வளவாக ஆசைப்படவில்லை. கோல்ட், மேக்ஸ்மா 14, கிசெலா 6, 12 என்று வலுவுள்ள பக்கமே நிற்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் இன்னும் வேறு வழி பிடித்தார்கள்: வலுவான வேரையே வைத்துக்கொண்டு, இளம் மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பல தண்டுகளாகப் பிரித்து, புதராக்கி, தரையில் நின்றே பறிக்கும் உயரத்தில் நிறுத்துகிறார்கள். வளரும் சக்தி இருபது தண்டுக்குப் பங்காகிப் போவதால் எதுவும் ஓங்கி வளராது. ஆஸ்திரேலியாவின் கிம் க்ரீன் புதர் முறையும் இந்த வழிதான். குட்டை வேர் இல்லாமலே குட்டை மரம் சாத்தியம் என்பதற்கு இவை சாட்சி.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் புளிப்புச் செர்ரியிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு வரிசையைக் கொண்டுவந்திருக்கிறது; கிளேர், கேஸ், லேக் என்று அந்த மாநிலத்து மாவட்டப் பெயர்களே அவற்றின் பெயர். நம்பிக்கை தருபவைதான், ஆனால் வேர்ச்செடி விஷயத்தில் இருபது வருடத் தோட்ட அனுபவத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

குட்டை மரத்துக்கு ஆதரவாகக் கூலியைவிட வலுவான காரணம் இப்போது மேலேயிருந்து வருகிறது. பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் செர்ரி வெடிக்கும். காம்புக் குழியில் தேங்கும் தண்ணீரே போதும். வாஷிங்டனில் மழை விட்டதும் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து மரங்களுக்கு மேலே தாழப் பறக்கவிட்டு நீரை உதறுகிறார்கள். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் கூரையே போடுகிறார்கள். 2008 வாக்கில் கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் தலைகாட்டிய புள்ளிச் சிறகுப் பழ ஈ, பழுக்கும் பழத்துக்குள்ளேயே முட்டையிடுவதால் பல இடங்களில் பூச்சிவலையும் சேர்ந்துகொண்டது. 12 அடி மரத்துக்குக் கூரையும் வலையும் போட முடியும். 25 அடி மரத்துக்குப் போடுவது நடக்கிற காரியமில்லை.

இந்தியாவுக்கு வருவோம். நம் செர்ரியில் மிகப் பெரும்பங்கு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. மிஸ்ரி, மக்மலி, டபுள் என்பவை அங்கே புழங்கும் பெயர்கள். ஹிமாச்சலில் ஷிம்லாவுக்கு மேலே நார்கண்டா, கோட்கட் பக்கமும் விளைகிறது. ஹிமாச்சலில் பழைய வழக்கம், மலையில் தானே வளரும் பாஜா என்ற வேறொரு காட்டுச் செர்ரி இனத்தில் ஒட்டுவது. இரண்டு இடத்திலும் பழைய தோட்டங்கள் உயர மரங்கள்தான். ஆப்பிளில் அடர் நடவு காஷ்மீரில் வேகமாகப் பரவியதைப் பார்த்து, செர்ரியிலும் அப்படியே செய்யலாம் என்ற ஆசை எழுவது இயல்பு.

அங்கே முதல் கேள்வி தண்ணீர். காஷ்மீரின் கரேவா மேட்டு நிலங்களில் பலவும் மழையை நம்பியவை. கிசெலா 5 போல மேலோட்டமாக வேர்விடும், சதா கவனிப்பு கேட்கும் வேரைச் சொட்டுநீர் இல்லாத மேட்டில் நட்டால், யாக்கிமாவில் பழம் சிறுத்ததைவிட மோசமாகத்தான் முடியும். பாசனம் உறுதியான இடத்தில் கிசெலா 6 அல்லது 12 முயன்று பார்க்கத் தக்கவை. பாசனம் இல்லாத சரிவில் மஹாலெப் நட்டு, ஸ்பெயின்காரர்களைப் போலக் கத்தரியால் குட்டையாக்குவது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். அதிலும் நீர் தேங்கும் தாழ்வான மூலையில் மஹாலெப் கூடாது. க்ரிம்ஸ்க் வேர்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் சுற்றுவட்டாரப் பழைய மரங்களில் இலை மாதிரி எடுத்து வைரஸ் சோதனை செய்தே ஆக வேண்டும்.

வேர் எதுவானாலும் நடும்போது ஒரு விஷயத்தில் கண் வைக்க வேண்டும். கன்றில் ஒட்டுப் போட்ட இடம் ஒரு முடிச்சு போல, சற்றே வளைந்து தெரியும். குழியை மூடி மண் இறுகிய பிறகும் அது தரைக்கு மேல் நாலு விரல் உயரமாவது நிற்க வேண்டும். மண்ணுக்குள் போய்விட்டால் மேல் ரகமே தன் வேரை விடும். அடியில் இருக்கும் வேரின் பேச்சை அப்புறம் மரம் கேட்காது. உரிமத் தொகை கட்டி வாங்கிய குட்டைக் கன்று சில வருடத்தில் சாதாரணப் பெரிய மரமாகிவிடும், அதுவும் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்ட வரிசையில்.